இரவல் சூடா, சொந்தச் சூடா? லத்தீனுக்குள் ஒரு சொல் போட்டி

ரோம் நகரின் பெரிய ரயில் நிலையத்துக்கு டெர்மினி என்று பெயர். ரயில்கள் வந்து முடிகிற இடம், ‘டெர்மினஸ்’ என்பதிலிருந்து வந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது இல்லை. பக்கத்திலேயே பேரரசர் டயோக்லீஷியன் பெயரில் 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திறந்த வெந்நீர்க் குளியல் மாளிகை பாதி இடிந்து நிற்கிறது. லத்தீனில் அதற்குத் ‘தெர்மே’ என்று பெயர். அந்தப் பெயர் வட்டாரத்துக்கு வந்து, அப்புறம் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

தெர்மே கிரேக்கத்திலிருந்து வாங்கியது. அங்கே ‘தெர்மோஸ்’ என்றால் சூடான என்று பொருள். சூட்டுக்குக் ‘கலிதுஸ்’ என்று சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டே ரோமானியர்கள் இரவல் வாங்கப் போயிருக்கிறார்கள். வாங்கியது நிலைத்ததா என்பதுதான் கேள்வி.

குளியலில் போட்டியே இரண்டு இரவல் சொற்களுக்குள்தான். கிரேக்க ‘பலநேயோன்’ வெகு முன்பே ரோமுக்கு வந்து, பலினேயும், பல்னேயும் என்று வாயில் தேய்ந்து உள்ளூர்க்காரனாகவே ஆகிவிட்டது. தெர்மே பின்னால் வந்தது. கிரேக்கத்தில் வெந்நீர் ஊற்றைக் குறித்த அந்தச் சொல், அக்ரிப்பா, நீரோ, காரகல்லா போன்றவர்கள் எழுப்பிய மாளிகைகளுக்கு ரோமில் பெயராயிற்று. பல்னேயும் என்றால் சாதாரணக் குளியல்கூடம். தத்துவஞானி செனெகா அப்படி ஒன்றுக்கு மேல்மாடியில் தங்கியிருந்து, கீழேயிருந்து வரும் சத்தத்தைப் பற்றி ஒரு கடிதத்தில் பொரிந்து தள்ளுகிறார்: எடை தூக்குகிறவனின் முனகல், உடம்பு பிடித்துவிடுகிறவன் கை தோளில் படும் ஓசை, அக்குள் முடியைப் பிடுங்கும்போது வாடிக்கையாளர் போடும் கூச்சல், தொத்திறைச்சி விற்கிறவன் குரல். மக்கள் வாயில் ஜெயித்ததும் இந்தப் பல்னேயும்தான். இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் குளியலுக்கு இன்று புழங்கும் சொல் அதன் வாரிசு. தெர்மேவுக்குக் கிடைத்தது ஊர்ப்பெயரும் பெயர்ப்பலகையும்.

தரைக்கு அடியில் குனிந்து பார்த்தால் வேறு கதை. ‘ஹைப்போகௌஸ்தும்’, அதாவது அடியிலிருந்து எரிப்பது, கிரேக்கச் சொல். குட்டையான செங்கல் தூண்களின் மேல் தரையைப் போட்டு, நடுவில் வெப்பக்காற்றை ஓடவிடுவார்கள். அடித்தளம் எப்படிச் சரிய வேண்டும் என்பதற்குக் கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் ஒரு சோதனை சொல்கிறார்: ஒரு பந்தை உள்ளே எறிந்தால் அது அங்கே நிற்காமல் அடுப்பு வாய்க்கே உருண்டு திரும்ப வேண்டும். அந்த அடுப்பு வாய்க்குப் பெயர் ‘பிரேஃபூர்னியும்’, சுத்தமான லத்தீன். அதற்குள் இருக்கும் ‘ஃபூர்னுஸ்’ என்றால் அடுப்பு.

வேடிக்கை என்னவென்றால், ஃபூர்னுஸும் தெர்மோஸும் ஒரே ஆதி வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேரின் முதல் ஒலி கிரேக்கத்தில் ‘த’ ஆயிற்று, லத்தீனில் ‘ஃப’ ஆயிற்று. வாசலில் பெயராகத் தொங்கியவனும் கொல்லைப்புறத்தில் கரி பூசிக்கொண்டு நின்றவனும் பங்காளிகள், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல். அதே வேர் பாரசீகத்தில் ‘கர்ம்’ ஆகி, இந்தி வழியாக நம் வீட்டுக் கரம் மசாலா டப்பாவுக்கும் வந்திருக்கிறது.

பாம்பெயில் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளைத் ‘தெர்மோபோலியும்’ என்று காட்டுவார்கள். சூடாக விற்கும் இடம் என்று பொருள். பழைய லத்தீனில் அது நகைச்சுவை நாடகக்காரர் ப்ளாட்டஸிடம்தான் தென்படுகிறது. ஊரில் புழங்கிய சொல் ‘போப்பினா’. இங்கே இரவலுக்கு மதிப்பெண் தர எனக்கு மனமில்லை.

எனக்குப் பிடித்த ஜோடி கடைசியாக. வெக்கைக்கு லத்தீனின் சொந்தச் சொல் ‘ஏஸ்துஸ்’. கொதிப்பு, தகிப்பு என்பதோடு கடல் பொங்குவதையும் அலை ஏறுவதையும் அதே சொல்லால் சொன்னார்கள். கொதிக்கிற பானையும் கொந்தளிக்கிற கடலும் ஒரே மாதிரிதானே. கழிமுகத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘எஸ்ச்சுவரி’ இந்தச் சொல் வழி வந்தது. கிரேக்கத்திலிருந்து வாங்கிய ‘கௌமா’வும் எரிக்கும் வெப்பம்தான். ஜெரோமின் லத்தீன் பைபிளில், யோபு தன் எலும்புகள் வெப்பத்தில் வறண்டுவிட்டன என்று புலம்பும் இடத்தில் இந்தச் சொல் நிற்கிறது. அப்புறம் அது உச்சிவெயில் நேரத்துக்குப் போயிற்று: வேலையை நிறுத்தி, ஆடுமாடு நிழலுக்கு ஒதுங்கி, இலைகூட அசையாத புழுக்கம். அங்கிருந்து, காற்று விழுந்துபோன கடலுக்கு. இத்தாலியத்திலும் ஸ்பானிஷிலும் ‘கல்மா’, ஆங்கிலத்தில் ‘காம்’. இரண்டும் வெப்பத்தில்தான் புறப்பட்டன. ஒன்று பொங்கும் கடலாயிற்று, மற்றது அசையாத கடலாயிற்று.

இந்தச் சுற்றில் இரவலுக்கே வெற்றி என்பேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. கௌமாவில் ‘ல்’ கிடையாது. சூடாக இருப்பதைச் சொல்லும் லத்தீன் வினை ‘கலேரே’யின் சாயல் படிந்துதான் அது கல்மா ஆயிற்று என்று பொதுவாக விளக்குவார்கள். ஆங்கிலத்தில் அந்த எழுத்தை இன்னும் எழுதுகிறார்கள், பெரும்பாலும் உச்சரிப்பதில்லை.