நிப்பாட்டின சேவருக்கும் பில் வருது

முல்லைத்தீவில இருந்து ஒரு தம்பி நேற்று கேட்டவன், "அண்ணை, கடைக் கணக்குக்கு கிளவுட் சேவர் வாடகைக்கு எடுக்கிறது நல்லமோ, இல்லாட்டி பழைய கொம்பியூட்டர் ஒண்டை வாங்கிக் கடையிலயே வைக்கவோ" எண்டு. நான் 2021ல இருந்து கிளவுட்தான் பாவிக்கிறன், அதாவது வேற கம்பனி ஒண்டின்ர கொம்பியூட்டரை வாடகைக்கு எடுத்து இன்ரர்நெட்டால பாவிக்கிறது.

பரந்தனில எங்கட மில்லில நெல் வாங்கின கணக்கு முழுக்க சிங்கப்பூர்ல இருக்கிற சேவரிலதான் கிடக்கு, ஆர் எத்தினை மூட்டை கொண்டுவந்தது, ஈரம் எவ்வளவு, காசு குடுத்ததோ இல்லையோ எல்லாம். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களெல்லே, அண்டைக்கு மில் நிண்டு ரவுட்டரும் நிண்டுட்டுது, போனில டேட்டாவைப் போட்டுப் பாத்தா கணக்கு ஒரு வரி குறையாம இருந்துது. எனக்குக் கண் கலங்கிட்டுது. 2009ல நாங்கள் விட்டிட்டு ஓடின வீட்டில அப்பான்ர கணக்குக் கொப்பி ஒண்டுகூட மிஞ்சேல்ல.

இனி என்ர கோவத்தைச் சொல்லுறன். அறுவடை நேரத்துக்கு மட்டும் ரெண்டாவது சேவர் ஒண்டு வச்சிருக்கிறன், காலபோகம் முடியேக்க நிப்பாட்டினா சிறுபோக நெல்லுக்குத்தான் திரும்பப் போடுறது. இந்த முறை பில்லைத் திறந்து பாத்தன். சேவர் 0. கீழ டிஸ்க் 80 ஜிபி, 8 டொலர். அதுக்குக் கீழ ஐபி முகவரி, அதுதான் இன்ரர்நெட்டில சேவரைக் கண்டுபிடிக்கிற இலக்கம், மணித்தியாலத்துக்கு 0.005 டொலர், 720 மணித்தியாலம், 3.60. ஒண்டுமே ஓடாத மாசத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரூபா!

நியாயமாக் கதைச்சா டிஸ்க் அங்க இடம் பிடிச்சுக்கொண்டுதான் கிடக்கு, பழைய வகை ஐபி முகவரி உலகத்துக்கே 430 கோடி அளவிலதான், அதால காசு கேக்கினம், அது விளங்குது. ஆனா "பாவிச்சதுக்கு மட்டும் காசு" எண்டு விளம்பரம் போட்டிட்டு, நிப்பாட்டுற பட்டனுக்குப் பக்கத்தில ஒரு வரி எழுதேலாதோ? சப்போட்டுக்கு எழுதினா ஒரு லிங்கைத் தூக்கி அனுப்புறாங்கள், அவ்வளவுதான்.

இப்ப ஸ்னாப்சொட், எண்டா டிஸ்க்கின்ர ஒரு பிரதி, எடுத்துப்போட்டு சேவரையே அழிச்சிடுறன், ஐபியையும் திருப்பிக் குடுத்திடுறன். ஸ்னாப்சொட்டுக்கும் காசுதான், ஆனா குறைவு. திரும்ப எழுப்பேக்க ஐபி மாறும், டொமைன் பேர் (சேவரைத் திறக்க அடிக்கிற பேர்) புது ஐபிக்குப் போறமாதிரி மாத்தவேணும், அரை நாள் போயிடும். சில கம்பனியளில சேவரை நிப்பாட்டினாலும் முழு வாடகை, அதையும் முதலே கேட்டுப் பாக்கவேணும்.

என்ர மில்லுக்கு நான் இதை விடமாட்டன். உனக்கு தம்பி, இப்ப இருக்கிற கோவத்தில பழைய கொம்பியூட்டரையே வாங்கு எண்டுதான் சொல்லுவன், கணக்கை ஒவ்வொரு நாளும் பென்டிரைவில ஏத்தி வீட்டை கொண்டுபோ. இல்லை கிளவுட்தான் எடுப்பன் எண்டா, முதல் நாளே பில் 10 டொலரைத் தாண்டினா அறிவிக்கிற அலாரத்தைப் போட்டிட்டு மற்ற வேலையைப் பார்.