மறுபடி வந்த பழைய ரிமோட் கார்கள்: திருகோணமலையில் எதை வாங்குவது?

ஜப்பானிய மொடல் நிறுவனமான டமியாவின் ஹோர்னெட் முதலில் வந்தது 1984இல். இருபது வருடம் கழித்து, 2004இல், அதே கறுப்புக் கூட்டோடு மறுபடி கடைக்கு வந்தது. அடுத்த வருடம் கிராஸ்ஹொப்பர், ஃப்ரொக், லஞ்ச் பொக்ஸ். 2007இல் ஹொட்ஷொட், 2010இல் சாண்ட் ஸ்கோச்சர். இன்னொரு ஜப்பானிய நிறுவனமான கியோஷோவும் சும்மா இருக்கவில்லை. 1982இன் ஸ்கோர்ப்பியனை 2014இலும், 1985இன் ஒப்டிமாவை 2016இலும் திரும்ப இறக்கியது. ஆக, இன்று ஒருவருக்கு 80களின் ரிமோட் கார் வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது. நாற்பது வருடப் பழைய அசலைத் தேடிப் பிடிக்கலாம், டமியாவின் மீள்வெளியீட்டை வாங்கலாம், அல்லது கியோஷோ மாதிரி உள்ளே புதுப்பித்த மீள்வெளியீட்டுக்குப் போகலாம்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களைக் கேட்டால் அசலுக்குத்தான் முதலிடம் என்பார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. லண்டனில் ஒருவர் தான் பத்து வயதில் ஓட்டி உடைத்த காரைத்தான் திரும்ப வாங்குகிறார். அந்தப் பிளாஸ்டிக்கின் நிறம், அந்த ரயரின் மணம் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. திருகோணமலையில் எங்கள் வயதுக்காரர்களின் கதை வேறு. 1984இல் இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஹோர்னெட் என்பது யாரோ கொண்டுவந்த சஞ்சிகையில் இருந்த படம். சவூதியிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது வயர் ரிமோட் கார். அதுவும் பற்றரி கிடைக்கிற நாளில் மட்டும் ஓடும். கையில் இருந்து போனதைத் தேடுகிற ஏக்கம் இல்லை இது. கிடைக்காமலே போனதை இப்போது வாங்குகிறோம். அப்படியானால் அசலுக்குக் கூடக் காசு கொடுக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது? என் கணக்கில், அதிகம் இல்லை.

முதலில் அசலையே பார்ப்போம். நாற்பது வருடத்தில் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பாகம் மஞ்சளாகும், ரயர் வெடிக்கும், பொலிகாபனேற் பிளாஸ்டிக் கூடு தொட்டால் கீறல் விடும். படத்தில் இவை தெரியாது. வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க வழியும் இல்லை, ஏனென்றால் விற்பவர் இருப்பது ஜப்பானிலோ இங்கிலாந்திலோ. உள்ளே இருப்பது இன்னும் மோசம். அன்றைய கார்களில் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது ஒரு இயந்திர ஆளி. சேர்வோ என்ற சிறு மோட்டர் ஒரு கையைத் தள்ளும், அந்தக் கை செப்புத் தகட்டில் உரசிக்கொண்டு போகும், அரை வேகத்தில் மின்சாரம் வெள்ளைப் பீங்கான் மின்தடை வழியாகச் சூடாகிப் பாயும். கடற்காற்று அடிக்கிற ஊரில் அந்தத் தகடு பச்சை பிடிக்கும். கொஞ்ச நாள் தொடாமல் வைத்தாலே தேய்த்துத் துடைத்துத்தான் ஓட வைக்க வேண்டும். மீள்வெளியீட்டோடு பெரும்பாலும் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியே வருகிறது. பழைய 27 மெகாஹேர்ட்ஸ் ரேடியோவுக்கு அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகம் தேடி அலையவும் வேண்டாம், இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் செட் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் போதும்.

அசலில் இருந்த சில குறைகளை டமியா மீள்வெளியீட்டில் திருத்தியும் இருக்கிறது. ஃப்ரொக்கின் பின் சில்லுக்குப் போகும் தண்டின் அறுகோண முனை அசலில் தேய்ந்து வழுக்கும். புதியதில் அந்தத் தண்டையே மாற்றிவிட்டார்கள். தீவிரச் சேகரிப்பாளருக்கு அது அசல் தன்மைக்கு வந்த குறை. ஓட்டுகிறவனுக்கு நிம்மதி.

அசலென்று சொல்லி மீள்வெளியீட்டைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு, ஆகவே ஒரு விஷயம். காரில் பொறித்திருக்கும் ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய அச்சையே திரும்பப் பயன்படுத்தினால் பழைய ஆண்டும் கூடவே வரும். பெட்டியில் உள்ள இலக்கம்தான் நம்பிக்கையானது. அசல் ஹோர்னெட் 58045, மீள்வெளியீடு 58336. கிராஸ்ஹொப்பர் 58043, மீள்வெளியீடு 58346. சிலவற்றுக்குப் பெயரே மாறிவிட்டது: 1979இன் ரஃப் ரைடர் 2009இல் பகி சாம்ப் என்ற பெயரில் திரும்பி வந்தது.

சரி, மீள்வெளியீடுதான் என்று முடிவெடுத்தால் அடுத்த சண்டை ஹோர்னெட்டுக்கும் கிராஸ்ஹொப்பருக்கும். இரண்டுக்கும் அடிச்சட்டம் கிட்டத்தட்ட ஒன்று, தொட்டி மாதிரியான பிளாஸ்டிக். இரண்டிலும் பின்பக்கம் அச்சுத்தண்டு, கியர் பெட்டி, மோட்டர் எல்லாம் ஒரே துண்டாக ஏறி இறங்கும். அதனால்தான் மேடு பள்ளத்தில் இரண்டும் துள்ளுகின்றன. பந்தயத்துக்கு அது குறை. ஆனால் பார்க்கிறவர் சிரிப்பதும் அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான். ஹோர்னெட்டில் 540 மோட்டர், பின்னால் அதிர்வைத் தணிக்கும் ஒயில் டாம்பர். கிராஸ்ஹொப்பரில் சிறிய 380 மோட்டர், வெறும் சுருள்வில். தாளில் பார்த்தால் ஹோர்னெட் சுலபமாக வென்றுவிடும். நானும் படத்தைப் பார்த்தால் ஹோர்னெட் பக்கம்தான் சாய்வேன். அந்தக் கறுப்புக் கூட்டின் அழகு அப்படி.

ஆனால் திருகோணமலைக்கு வந்தால் கதை மாறுகிறது, அதற்குக் காரணம் மோட்டர் இல்லை, பெயின்ற். இந்தக் கார்கள் கிற்றாக, நாமே பூட்ட வேண்டிய பாகங்களாக வரும். ஹோர்னெட்டின் கூடு கண்ணாடி மாதிரித் தெளிந்த பொலிகாபனேற். நிறத்தை உள்பக்கம் அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும். நிறம் காய்ந்த பிறகுதான் அதை உரிக்கலாம், உரித்தால் உள்ளிருந்து கறுப்பு பளபளவென்று தெரியும். அதற்கென்றே பொலிகாபனேற்றுக்கான ஸ்பிறே பெயின்ற் இருக்கிறது. அமுக்கி அடைத்த ஸ்பிறே தகரத்தை விமானத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள். பிரதான வீதி ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற கார் பெயின்ற்றை அடித்தால் என்ன என்று கேட்கலாம். முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். கார் ஒரு தடவை கல்லில் முட்டி கூடு வளைந்ததும் செதில் செதிலாகக் கழன்று விழும். பொலிகாபனேற்றோடு சேர்ந்து வளைகிற பெயின்ற் வேறு, இரும்புக் கதவுக்கு அடிக்கிற பெயின்ற் வேறு. கொழும்பில் யாரையாவது பிடித்துத் தேட வேண்டும், அல்லது கப்பலில் வருகிறவர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

கிராஸ்ஹொப்பரின் கூடு கெட்டிப் பிளாஸ்டிக், வெள்ளையிலேயே வார்த்தது. ஸ்ரிக்கரை ஒட்டினால் பெட்டிப் படத்தில் இருக்கிற கார் மேசைக்கு வந்துவிடும். பெயின்ற் வேண்டாம், முகமூடி வேண்டாம், முற்றத்தில் காய வைத்து இலையான் விழுகிறதா என்று காவல் இருக்கவும் வேண்டாம். வேகம் போதவில்லை என்றால் பிறகு 540 மோட்டர் போடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே முதல் காருக்கு என் ஓட்டு கிராஸ்ஹொப்பருக்கு. ஹோர்னெட் இரண்டாவதாக வரட்டும், அதற்குள் பெயின்ற் கொண்டுவர ஆள் கிடைத்துவிடும்.

சாண்ட் ஸ்கோச்சர் இந்தச் சண்டையில் சேராது. அது வேறு சாதி. வொக்ஸ்வாகன் பீட்டில் உருவம். முன்பக்கச் சில்லுக் கைகள் அந்த நிஜக் காரில் இருப்பது மாதிரியே உலோகத்தில் வார்த்தவை. ரேடியோவும் சேர்வோவும் தனியே ஒரு தெளிந்த பெட்டிக்குள் இருக்கும். 1979இல் ஒரு விளையாட்டுக் காருக்கு இவ்வளவு உலோகம் போட்டிருக்கிறார்கள் என்பதே ஆச்சரியம். கையில் எடுத்துத் தூக்கினால் பாரம் தெரியும். மீள்வெளியீடு வருமுன் அசலின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. வந்த பிறகு, அடிபட்டுத் தேய்ந்த அசல்களை அந்த விலைக்குத் தேடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பெட்டி திறக்காத அசலுக்கு மட்டும் இன்னும் மவுசு இருக்கிறது.

பெயரில் மணல் இருக்கிறதே என்று இதை டச் பே கடற்கரைக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்கப் பாலைவனத்து உலர்ந்த மணல் வேறு, எங்கள் கடற்கரையின் உப்பு மணல் வேறு. வார்ப்பு உலோகத்தில் உப்பு ஏறினால் வெள்ளைப் பொடி பூக்கும், இரும்பு ஆணி துருப்பிடித்து அதற்குள்ளேயே இறுகிவிடும். இந்தக் காரின் அழகே அந்த உலோகம்தான். அதைக் கெடுத்துக்கொண்டு ஓட்டுவதற்கு இதற்கு இவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. உப்புவெளியில் மோட்டர் சுற்றிக் கொடுக்கிற தம்பி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "அண்ணை, இது ஓட்டவோ, அலுமாரியில வைக்கவோ?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். "ரெண்டுக்கும் எண்டா ரெண்டு வாங்குங்கோ." என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

கியோஷோ ஒப்டிமா சங்கிலியால் நான்கு சில்லையும் சுழற்றுகிற கார். மீள்வெளியீட்டை இன்றைய மோட்டருக்கும் பற்றரிக்கும் பொருந்துமாறு மாற்றியிருக்கிறார்கள். ஓட்டத்தில் ஹோர்னெட்டும் கிராஸ்ஹொப்பரும் இதற்குக் கிட்ட நிற்காது. ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு, மோட்டரும் வேகக் கட்டுப்பாடும் பெட்டிக்குள் வராது, சங்கிலியும் மணலும் ஒத்துப்போகாது. அமெரிக்க நிறுவனமான டீம் அசோசியேட்டட்டின் ஆர்சி10 அதன் தங்க நிற அலுமினியத் தொட்டி அடிச்சட்டத்துக்குப் பெயர் போனது. 1985இல் கலிபோர்னியாவில் நடந்த உலகப் போட்டியில் இரு சில்லு இயக்கப் பிரிவில் வென்ற கார். பந்தய வரலாறு தெரிந்தவருக்கு அதன் மீள்வெளியீடு பொக்கிஷம். பந்தயத்தடம் இல்லாத ஊரில் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை.

எங்கே ஓட்டுவது? மைதானத்து ஓரப் புல்தரை, உவர்மலைப் பக்கத்து அமைதியான ஒழுங்கைகள், காய்ந்த மண் வீதி. பிரட்ரிக் கோட்டைக்குள் வேண்டாம். மான்கள் மிரளும், கோயிலுக்குப் போகிற சனமும் திட்டும். புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலை மட்டும் எப்படியும் தவிர்க்க வேண்டும். அது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். அதோடு காந்தத்தில் ஒட்டுகிற துகள்களும் கலந்திருக்கும். மோட்டரின் உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம், காற்றுப் போகத் துளைகளும் உண்டு. ஒரு தடவை உள்ளே போன துகள் திரும்ப வராது.

கடற்கரை மணலில் ஓட்டியே தீருவேன் என்பவருக்கு லஞ்ச் பொக்ஸ் இருக்கிறது. பெரிய பலூன் ரயர், முன் சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மஞ்சள் வான். அசல் 1987இல் வந்தது. அலைநீர் படாத உலர்ந்த மணலில் மட்டும் ஓட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் தூரிகையால் தட்டித் துடையுங்கள்.

இனி, வாங்கி அப்படியே பெட்டியில் வைத்திருந்து பிறகு விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு. டமியா ஒரு மீள்வெளியீட்டைத் திரும்பவும் தயாரிக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. விலை ஏறும் என்று வாங்கினால் அடுத்த தொகுதி வந்து இறங்கும். அதைவிடப் பெரிய எதிரி நம் வீட்டிலேயே இருக்கிறது. சேகரிப்பில் பாதி மதிப்பு பெட்டிக்கு. அந்த வெள்ளைப் பின்னணி ஓவியத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. கார்த்திகை, மார்கழி மழையில் இந்த ஊரில் மட்டைப் பெட்டி ஈரம் இழுத்து வீங்கும், ஸ்ரிக்கர் தாளின் ஓரம் சுருளும், சுவரோரம் வைத்தால் கறையானுக்கு விருந்து. பெட்டியை, மூடி இறுகும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, தரையை விட்டு உயர்த்துங்கள். அவ்வளவு பாடுபட மனமில்லை என்றால் ஓட்டிவிடுவதே மேல்.

வரவழைக்கும்போது செலவைச் சரியாகக் கணக்குப் பாருங்கள். காரின் விலையோடு அனுப்பும் கூலியையும் கூட்டித்தான் சுங்கம் வரி போடும். அதற்கு மேல் 18 வீத வற் வரி. ஆகவே பேரிங், உபரி ரயர், மோட்டரின் சிறு பல்சக்கரமான பினியன் எல்லாவற்றையும் முதல் பெட்டியோடே எடுத்துவிடுங்கள். கிற்றோடு பேரிங்குக்குப் பதிலாக வருகிற பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ்களை மணல் அரைத்துவிடும். டமியாவின் பல கார்களில் 5க்கு 11 மில்லிமீற்றர் அளவு மூடிய பேரிங் பொருந்தும். ஒரு தொகுதி துருப்பிடிக்காத எஃகு ஆணியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஜப்பானிய அளவுத் திருப்புளி ஒன்று. டமியாவின் ஆணித்தலை ஜப்பானிய முறையில் வெட்டியது; நம் கடைத் திருப்புளியால் இறுக்கினால் தலை தேய்ந்து, பிறகு கழற்ற வழியில்லாமல் நிற்கும். லிதியம் பற்றரியைத் தபாலில் கேட்காதீர்கள், அதுவும் வழியில் நிற்கும். 7.2 வோல்ட் நிக்கல் பற்றரி கொழும்பில் கிடைக்கிறது, இந்தக் கார்களுக்கு அதுவே போதும்.