புது வண்டியின் ஹேண்டில் கோளாறும் மஞ்சக்குப்பத்துப் பட்டறையும்

சென்ற மாதம் வாங்கிய 125 சிசி மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் சரியில்லை என்பது ஓட்டத் தொடங்கிய இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் மெதுவாகச் செல்லும்போது வண்டி ஒரு பக்கம் அலையும். திருத்தினால் மறுபக்கம் அலையும். வளைவில் திரும்பிய பிறகு ஹேண்டில் தானாக நேருக்கு வராமல், ஒவ்வொரு முறையும் கையால் கொண்டுவர வேண்டியிருந்தது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி நோக்கிச் சற்று வேகமெடுத்தால் இடப்பக்கம் இழுத்தது.

வாங்கிய இடத்தில் காற்றை மட்டும் பார்த்துவிட்டு, "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் அளவுக்கு வழவழப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சாலைப் பிடிப்பைக் குறைக்குமே தவிர ஹேண்டிலை இறுக்காது. பின்னால் மனைவியையும் குழந்தையையும் அமர்த்திக்கொண்டு ஓட்டும் வண்டியில் இப்படி ஒரு பதிலை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

நண்பர் சொல்லி, மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியைத் தாமே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, உதவியாளரைப் பின்னால் அழுத்தி உட்காரச் சொல்லி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி செய்து, ஹேண்டிலை ஒரு விரலால் இலேசாகத் தள்ளினார். அது தன் எடையிலேயே ஓரம் வரை சென்று விழ வேண்டும், பாதியிலேயே நின்றுவிட்டது. கழுத்துப் பகுதியில் கிளட்ச் கேபிளோ ஒயரோ இழுத்துப் பிடிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே, "கோன் செட்டை அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள் தம்பி" என்றார். கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புவதற்காகக் கழுத்தில் உள்ள பேரிங். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டி, கோன் செட் தளர்வாக இருந்தால் இங்கே ஆட்டம் தெரியும், பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று ஒலி வரும் என்று விளக்கினார். இழுப்புக்குக் காரணம் பின்பக்கம் இருந்தது: பின்சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டரின் இருபுறக் குறிகளும் ஒன்றாக இல்லாததால் பின்சக்கரம் சற்றுக் கோணலாக நின்றது.

இதற்கு மேல் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவரே அரை மணி நேரத்தில் சரிசெய்து பணம் வாங்கியிருக்கலாம். ஆனால், வாரண்டியில் உள்ள வண்டியின் நட்டில் வெளியார் கை வைத்தால் நாளை அதையே காரணம் காட்டுவார்கள் என்று சொல்லி, கண்ட இரண்டு கோளாறுகளையும் தாளில் எழுதிக் கொடுத்து, வாங்கிய இடத்தில் வேலைக்கு எழுதும் ஜாப் கார்டில் அப்படியே பதியச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். கோன் செட்டின் மேல் நட்டை இறுக்கும்போது கீழுள்ள நட்டும் அழுந்தும் என்பதால், வேலை முடிந்ததும் அந்த ஒரு விரல் சோதனையை மறுபடியும் செய்து பார்க்கும்படியும் சொன்னார். கட்டணமாக ஐம்பது ரூபாய் மட்டுமே பெற்றுக்கொண்டார்.

எழுத்தில் கொடுத்ததும், முன்பு கைவிரித்த அதே இடத்தில் மறுபேச்சின்றி வேலை நடந்தது. நான் அருகிலேயே நின்றேன். முதல் முறை இறுக்கியபோது ஹேண்டில் மீண்டும் பாதியில் நிற்கவே, சுட்டிக்காட்டி இன்னொரு முறை தளர்த்த வைத்தேன். இப்போது கடைத்தெருவில் நடை வேகத்திலும் வண்டி நேராகச் செல்கிறது. புதுச்சேரி சாலையில் இழுப்பு அறவே இல்லை. புது வண்டியின் கோன் செட் பேரிங் படிந்த பிறகு சற்றுத் தளரக்கூடும் என்று பெரியவர் எச்சரித்திருப்பதால், முதல் சர்வீஸிலும் இதைப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

பட்டறையில் குறை என்றால் இடம்தான். நிழல் போதாது, உட்கார ஒரே ஒரு பெஞ்சு, மாலையில் கூட்டம் மிகுதி. ஒவ்வொரு வண்டியையும் அவரே ஓட்டிப் பார்ப்பதால் காத்திருக்க நேரும். காலையில் கடை திறந்தவுடன் செல்வது நல்லது.