வேலூர் வெயிலில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்: மூன்று வருடம் கழித்து

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி அறை. 14 அடிக்கு 11 அடி, மேலே கான்கிரீட் தளம், கீழே வழவழ டைல்ஸ், மூலையில் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ. இதற்குள்தான் மூன்று வருடமாக ஒரு ஜோடி எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரோடு குடித்தனம் நடத்துகிறேன். பெங்களூரில் ஒருவர் வீடு மாற்றும்போது விற்றார், ஒரு நல்ல பைக் வாங்கும் காசுக்கு செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி ஸ்பீக்கரால் வந்ததில்லை, அறையாலும் கரண்டாலும் என் அவசரத்தாலும் வந்தது, இந்த வகையில் எதை வாங்கினாலும் உங்களுக்கும் ஏறக்குறைய அதேதான் நடக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து ஒரு கூம்பைத் தள்ளும். இதில் கூம்பு கிடையாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, அதன் மேல் மின்சாரம் லேசாகப் பரவ ஒரு பூச்சு, முன்னும் பின்னும் ஓட்டை ஓட்டையாக இரண்டு உலோகத் தகடு. படலத்தில் சில ஆயிரம் வோல்ட் நிற்கும், அதற்காகவே ஸ்பீக்கரைத் தனியாக பிளக்கில் செருக வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னலை உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றித் தகடுகளுக்குக் கொடுக்கும். ஒரு தகடு இழுக்க மற்றது தள்ள, படலம் முழுக்க ஒன்றாக அசையும். எடையே இல்லாத மாதிரி லேசான பொருள் என்பதால் அசையச் சொன்னால் அசையும், நில் என்றால் நின்றுவிடும், ரகசியம் அவ்வளவுதான். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் கம்பெனி 1957இல் கொண்டுவந்த ஈஎஸ்எல் என்ற ஸ்பீக்கர் இந்த வகையில் பெரிய பெயர், அதை 1985 வரை விடாமல் செய்தார்கள்.

என்னுடையது ஹைப்ரிட். மேலே படலமும் தகடுகளும் சேர்ந்த வளைந்த பேனல், கீழே பெட்டிக்குள் ஒரு ஊஃபர், அதாவது கீழ் ஸ்வரங்களுக்கான சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர். பேனல் முன்னாலும் பின்னாலும் திறந்தே இருப்பதால் கீழ் ஸ்வரங்களில் முன் அலையும் பின் அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும், அந்தக் குறையை அடைக்கத்தான் ஊஃபர். முதல் நாள் அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு "இன்னாடா இது, கொசு வலை அடிச்ச ஜன்னலைப் போய் காசு குடுத்து வாங்கிகினு வந்திருக்கே" என்றார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், பேனலுக்குப் பின்னால் நிற்பவரின் முகம் இந்தப் பக்கம் தெரியும்.

சத்தத்துக்கு வருகிறேன். பழைய ஸ்பீக்கரில் தம்புரா என்றால் பாட்டுக்குப் பின்னால் ஒரு பொதுவான ரீங்காரம். இதில் பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்தியும் தனித்தனியாக விழுவது தெரிகிறது. தந்தியைத் தாங்கும் குதிரைக் கட்டைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் நூலைச் சரியாக வைத்தால் ஒரு ஜிலுஜிலுப்பு எழுமே, அதுவும் வருகிறது, எந்தப் பதிவில் நூல் சரியாக உட்காரவில்லை என்பதுகூடக் காதில் படுகிறது. வீணையில் கமகம் இழுத்து முடிந்தபின் தந்தி மெல்ல அடங்கும் அந்த வால், வயலினில் வில் திரும்பும் இடம், பாடகர் மூச்சு எடுக்கும் இடம், எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. கண்ணை மூடினால் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் என்று கை காட்ட முடியாது. மோசமான பதிவைப் போட்டால் மோசமாகவே கேட்கும், என்னிடம் இருந்த எம்பி3 குப்பையில் பாதியை அழித்துவிட்டேன்.

ஆனால் இது வாங்கிய அன்று வந்த சத்தம் இல்லை. அன்று வந்தது வேறு.

ஊஃபருக்கும் பேனலுக்கும் ஒத்துப்போகவில்லை. இதைக் கண்டுபிடிக்க மிருதங்கத்தை விட நல்ல கருவி இல்லை என்பது என் கட்சி. வலது முகமான வலந்தலையின் நாதம் பெரும்பாலும் பேனலில் வரும், இடது முகமான தொப்பியில் வாசிக்கும் கும்கி என்ற கனத்த ஒலி ஊஃபரில் வரும், இரண்டும் சேரவில்லையென்றால் ஒரே வித்வான் வலது கையை வேலூரிலும் இடது கையை காட்பாடியிலும் வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருக்கும். எனக்கு ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது. மேலே பளிச்சென்று விரல் விழ, கீழே அரை வினாடி கழித்து யாரோ அரிசி மூட்டையை இறக்குவதுபோல் ஒரு சத்தம். அரை வினாடியெல்லாம் இல்லைதான், அப்படித் தோன்றியது.

காரணம் எளிது. இடம் போகிறதே என்று ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்திருந்தேன். சுவரும் மூலையும் பக்கத்தில் இருந்தால் ஊஃபர் வீங்கும். அதே சமயம் பேனலின் பின் அலை சுவரில் மோதி 2 மில்லி செகண்டுக்குள் திரும்பி வந்து முன் சத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும், காது அதைத் தனி எதிரொலியாக எடுத்துக்கொள்ளாமல் கலங்கலாக எடுத்துக்கொள்ளும். சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி வரும்படி வெளியே இழுத்தேன், இப்போது திரும்பி வர 6 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. கலங்கல் தெளிந்து, பாடகருக்குப் பின்னால் ஒரு மேடை ஆழம் வந்தது. பின்பக்கத்து பேஸ் குமிழை ஒரு படி குறைத்தேன், தொப்பியும் வலந்தலையும் ஒரே மிருதங்கத்துக்குத் திரும்பின. முழுக்க இல்லை, நூற்றுக்கு தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதியை எப்படித் திருப்பியும் பிடிக்க முடியவில்லை, ஹைப்ரிட் என்றால் அந்தத் தையல் தெரியாமல் இருக்காது போலிருக்கிறது.

மூன்றரை அடி என்பது 14 அடி அறையில் எவ்வளவு என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். "ஏங்க, நடுக்கூடத்துல தூண் வச்ச மாதிரி இருக்கு" என்பது மனைவியின் ரிவ்யூ.

ஸ்பீக்கரை நாற்காலி பக்கம் திருப்பி வைக்கும் கோணத்துக்கு ஒரு டார்ச் வித்தை உண்டு, வளைந்த பேனலுக்கு மட்டும். கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் டார்ச்சைத் தாடைக்கு நேராகப் பிடித்தால் பேனலில் வெளிச்சம் கோடாகத் தெரியும், அது பேனலின் உள்பக்க மூன்றில் ஒரு பங்கில் விழ வேண்டும். இரண்டு பக்கமும் அப்படி விழுந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கொத்தனார் நூலை நாற்காலியின் தலைப்பக்கம் கட்டி இரண்டு பேனலுக்கும் இழுத்துப் பார்த்தேன், ஒன்றரை அங்குல வித்தியாசம் இருந்தது. அதைச் சரிசெய்ததும் நடுவில் பாடுபவர் இடது தோள் பக்கம் சாய்ந்து நின்றது நேரானது. கண்ணால் அளந்து வைக்காதீர்கள், நூல் போடுங்கள். சமையல் மேடைக்குப் போட்ட கிரானைட்டில் மிஞ்சிய இரண்டு துண்டை அடியில் கொடுத்தேன், டைல்ஸில் நகரவில்லை.

பஞ்சு மெத்தைக் கதை ஒன்று. கை தட்டினால் அறை டிர்ர் என்று பதில் சொன்னது, சரி என்று மெத்தை தைப்பவரிடம் சொல்லி இலவம்பஞ்சில் இரண்டு மெத்தை ஆள் உயரத்துக்குத் தைத்து வாங்கி ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்தினேன். எதிரொலி போனது, அதோடு பாட்டின் உயிரும் போனது. இந்த ஸ்பீக்கருக்குப் பின் அலையும் ஒரு பாதி, அதைக் கொன்றுவிடக் கூடாது, சிதறடிக்க வேண்டும். இப்போது ஸ்பீக்கருக்குப் பின்னால் புத்தக அலமாரி, மெத்தை இரண்டும் என் நாற்காலிக்குப் பின்னால். பக்கவாட்டுச் சுவருக்கு ஒன்றும் செய்யவில்லை, பேனலின் பக்கவாட்டில் சத்தம் மிகக் குறைவு. பீரோ மட்டும் குறிப்பிட்ட ஒரு கீழ் ஸ்வரத்தில் கிர்ரென்று கூடவே பாடிக்கொண்டிருந்தது, கதவு இடுக்கில் பழைய வேட்டியை மடித்துச் செருகியதும் வாயை மூடிக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். மின் கணக்கில் இந்தப் பேனல் ஒரு கெப்பாசிட்டர், அதிர்வெண் ஏற ஏற இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு, இறங்கும், ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுக்க வேண்டிவரும். அட்டையில் 4 ஓம் என்றோ 6 ஓம் என்றோ போட்டிருக்கும், 20 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஓர் ஓம் அளவுக்கு இறங்கும் மாடல்கள் உண்டு. என் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் மே மாதத்தில் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் டிக் என்று தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. தாழ்ந்த ஓமுக்கு அஞ்சாத, கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ ஆம்ப் வேண்டும். ஸ்பீக்கர் வாங்கும்போதே அந்தக் காசையும் ஒதுக்கிவைக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கரண்ட். வந்த முதல் கோடையில் உம் என்று ஒரு ஹம். எலெக்ட்ரீஷியன் வந்து ஸ்பீக்கரைச் சுற்றிப் பார்த்தார், "சார், பொருள்ல ஒன்னும் இல்ல, உங்க எர்த்து செத்துகினு இருக்கு" என்றார். வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழி, மண் காய்ந்து பாளமாகிவிட்டது. பாலாறே மணலாகக் கிடக்கும் ஊரில் குழியில் மட்டும் ஈரம் எப்படி நிற்கும்? குழியைத் தோண்டிப் புதிதாகப் போட்டார், இப்போது கத்திரி வெயிலில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன், ஹம் இல்லை. ஸ்பீக்கருக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று தெருவில் பேச்சு.

ஆனால் அந்த வெயிலால் ஒரு லாபமும் உண்டு. இந்த ஸ்பீக்கருக்கு எதிரி ஈரக்காற்று. ஈரமும் தூசியும் சேர்ந்தால் படலத்தில் நிற்க வேண்டிய மின்னூட்டம் கசியும், சத்தம் குறையும், பொரி வறுப்பதுபோல் படபடவென்று வரும். கடற்கரைக் காற்றில்லாத எங்கள் ஊர் வருடத்தில் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழைதான் சோதனை. போன மழையில் ஒரு வாரம் வலது பேனல் பொரிந்தது, அறையை அடைத்து ஏசியை டிரை மோடில் இரண்டு நாள் ஓட்டியதும் நின்றது. மழைக்கு மறுநாள் ஈசல் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், ஒன்று உள்ளே புகுந்து பட் என்று வெடித்ததில் என் நெஞ்சும் கூடவே வெடித்தது.

தூசிக்கு வாக்யூம் கிளீனர் போதும். பிளக்கைப் பிடுங்கி, மின்னூட்டம் இறங்கச் சில மணி நேரம் விட்டு, நான் ஒரு ராத்திரி விடுகிறேன், மென்மையான பிரஷ் முனையால் பேனலை மட்டும் மேலிருந்து கீழாக. ஈரத்துணி கூடவே கூடாது. போகி அன்று அம்மா எல்லாவற்றையும் துடைக்கும் வேகத்தில் இதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார், நல்லவேளை முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். நான்கு நாள் காயவிட்ட பிறகுதான் செருக தைரியம் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மாடி ஏறுவதும் தடை, மின்னூட்டம் உள்ள படலம் புகையைச் சும்மா விடாது, இழுத்து வைத்துக்கொள்ளும். இதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி. இப்போது கேட்காத நேரத்தில் குடியாத்தம் லுங்கி இரண்டைத் தைத்துப் போர்த்தி வைக்கிறேன்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒருவருக்கான ஸ்பீக்கர் இது, நாற்காலியில் ஓர் அடி நகர்ந்தால் மேல் ஸ்வரம் மங்கும், எழுந்து நின்றால் இன்னும் மங்கும். நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்க வாங்கினால் மூன்று பேர் உங்களைத் திட்டுவார்கள். நாதஸ்வரம் அற்புதம், சீவாளியின் காற்றுக்கூடக் கேட்கும். தவில் அப்படி இல்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தவிலுக்குப் பக்கத்தில் நின்ற நெஞ்சுக்கு இது தவிலின் போட்டோ மாதிரிதான். கானா, குத்துப்பாட்டு, பெரிய வால்யூம் என்றால் நல்ல கூம்பு ஸ்பீக்கரே வாங்குங்கள், பாதி விலையில் இரண்டு மடங்கு சந்தோஷம். வாடகை வீட்டில், சின்ன அறையில் இருப்பவர்களுக்கு இதே தொழில்நுட்பத்தில் ஹெட்ஃபோன் உண்டு, ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960லேயே கொண்டுவந்தது. அதற்கும் தனி ஆம்ப் வேண்டும், ஆனால் சுவர், பீரோ, மூன்றரை அடி சண்டை எதுவும் இல்லை.

இன்னொரு குறை ஸ்பீக்கருடையது அல்ல. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும்போது மின்விசிறியும் அதே நுணுக்கத்தோடு கேட்கும். ஏசியும் அப்படியே, நெடுஞ்சாலையில் போகும் லாரியும் அப்படியே. அதனால் என் கச்சேரி நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறேகால் வரை, ஸ்கூல் வேன் ஹாரன் தொடங்கும் முன்பு. கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த நேரத்துக்கு வாருங்கள், காபி உண்டு. ஃபேன் போட மாட்டேன், துண்டு ஒன்று எடுத்து வாருங்கள்.