போட்டோகிராமர்: கவுண்டி வாரியாக விரியும் நிழற்படப் பெட்டகம்

மக்களையும் ஊர்களையும் படங்களின் வழியே ஆராய விரும்பும் மாணவர்கள், கேமராவுடன் களத்துக்குப் போகும் முன் சில நாள்களைப் போட்டோகிராமர் இணையத்தளத்தில் செலவிடுவது நல்லது. அமெரிக்காவில் 1935 முதல் 1945 வரை வேளாண் பாதுகாப்பு நிர்வாகமும் பின்னர் போர்த் தகவல் அலுவலகமும் ஆகிய அரசு அமைப்புகள் எடுப்பித்த ஏறத்தாழ 1,70,000 நிழற்படங்களை, இடம், காலம், எடுத்தவர் என்ற வழிகளில் தேடிப் பார்க்கும்படி இத்தளம் தொகுத்துத் தருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உருவான இதைப் பின்னர் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் துணையுடன் புதுப்பித்திருக்கிறார்கள். கட்டணம் ஏதும் இல்லை.

இப்படங்களின் மூலநெகட்டிவ்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அந்நூலகத்தின் தளத்திலும் படங்களைக் காணலாம். ஆனால் அங்கே என்ன தேட வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கோ வரைபடத்தில் ஒரு கவுண்டியை, அதாவது நம் மாவட்டம் போன்ற மாநில உட்பிரிவை, தொட்டால் போதும், அங்கே எடுத்த படங்கள் புகழ்பெற்றவை, பெறாதவை என்ற பேதமின்றி வரிசையாக வந்து நிற்கின்றன. நியூ மெக்சிகோவின் தாவோஸ் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். டிராம்பாஸ் என்ற மலைக்கிராமத்தில் 1943 ஜனவரியில் ஜான் காலியர் எடுத்த தொடரில், ஊர்த்தலைவரின் மனைவி கணப்பின் வெளிச்சத்தில் கம்பளி நூற்கிறார். தனிப்படமாகப் பார்த்தால் அழகு என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அதே குடும்பத்தின் மற்றப் படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வீட்டின் அமைப்பு, யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், சுவரில் எதை மாட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆய்வுக்குரிய தரவாகின்றன. இதே காலியர்தான் 1950களில் கனடாவில் சமூக ஆய்வொன்றில் பணியாற்றியபோது, மக்களிடம் அவர்கள் வாழும் சூழலின் படங்களைக் காட்டி நேர்காணல் செய்யும் முறையைச் சோதித்து 1957இல் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வகையில் இத்தளம் அம்முறையின் முன்கதையும் ஆகிறது.

இனி எச்சரிக்கைகள். படங்களின் எண்ணிக்கைக்கேற்ப வரைபடத்தில் ஒரு கவுண்டியின் நிறம் அடர்ந்தும் அடுத்ததன் நிறம் வெளிறியும் தெரிந்தால், முன்னதில் வறுமை மிகுதி என்றோ மக்கள்தொகை மிகுதி என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது. இப்படங்களை எடுப்பித்த படப்பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் யாரை, எடுக்க வேண்டிய படங்களின் எந்தப் பட்டியலோடு, எந்தச் சாலையில் அனுப்பினார் என்பதையே அந்த நிறம் முதன்மையாகச் சொல்கிறது. இடக்குறிப்பு இல்லாத படங்களும் ஏராளம். அவை வரைபடத்தில் ஏறுவதில்லை.

தொடக்க ஆண்டுகளில் ஸ்ட்ரைக்கர் தமக்கு வேண்டாதவை என ஒதுக்கிய நெகட்டிவ்களில் துளையிட்டுவிடும் வழக்கம் இருந்தது. உழவர் ஒருவரின் முகத்திலோ வயல் நடுவிலோ கரிய வட்டமாகத் தெரியும் அத்துளையைப் பார்க்கையில் எனக்கு எரிச்சலே மிஞ்சுகிறது. ஆயினும் ஓர் ஆவணத்தில் எதை வைத்தார்கள், எதைத் தள்ளினார்கள் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. விளக்கக்குறிப்பே இல்லாத படங்களுக்கு, 'தலைப்பற்றது. இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்ற வகையில் நூலகம் பெயரிட்டிருக்கிறது. அந்த 'இருக்கலாம்' என்பதை ஆய்வேட்டில் 'இருக்கிறது' என்று மாற்றி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்புகள் உள்ள படங்களிலும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த, 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகமே அறிந்த படத்துக்கான குறிப்பில் வயதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் உண்டு, பெயர் இல்லை. அந்தத் தாய் யாரென்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது.

கைபேசியைவிடப் பெரிய திரையில் பார்ப்பதே வசதி. அரசுப் பணிக்காக எடுத்தவை என்பதால் பெரும்பாலான படங்களைத் தனி அனுமதியின்றி ஆய்வேட்டில் அச்சிடலாம். தெளிவு மிகுந்த கோப்பை நூலகத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அப்போது நெகட்டிவ் எண்ணையும் மறவாமல் குறித்துவைத்தால், அடுத்தடுத்த எண்களைக் கொண்டு அக்கம்பக்கப் படங்களைத் தேடிப் பிடிக்கலாம்.