தனியாகக் கிடக்கும் நாய்க்குத் துணை: குட்டியா, வளர்ந்ததா, பூனையா, இல்லை ஓர் ஆளா?

இது பெரும்பாலும் ஒரு புகாரில்தான் ஆரம்பிக்கும். “நீங்க ஆபீஸ் போனதும் உங்க நாய் ஊளையிட ஆரம்பிச்சிடுதுங்க” என்று எதிர் ஃபிளாட்காரர் லிஃப்டில் சொல்வார். காலை எட்டரைக்குப் பூட்டிய கதவு சாயங்காலம் ஆறரைக்குத்தான் திறக்கும். நடுவில் பத்து மணி நேரம் அது மட்டும். அன்று இரவே வீட்டில் பேச்சு வந்துவிடும்: “பாவம், தனியா கெடக்குது. துணைக்கு இன்னொண்ணு வாங்கிடலாமா?”

நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரு நாய்க்குட்டி வாங்கலாம், வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாம், பூனை வளர்க்கலாம், அல்லது எதுவும் வேண்டாமென்று மத்தியானம் வந்து போக ஓர் ஆளைப் பிடிக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குட்டி. இந்தப் பிரச்சினைக்கு நான்கிலும் பொருந்தாதது அதுதான். நிறைய வீடுகளுக்கு அந்த மத்தியான ஆளே போதும். இன்னொரு நாய்தான் வேண்டுமென்றால், கருத்தடை செய்த, ரெண்டு மூணு வயதான ஒரு நாட்டு நாய்.

ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய போன் ஒன்றை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுக் கிளம்புங்கள். வாசலுக்குப் பக்கத்தில், அதற்கு உயிரான சிக்கன் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் அரை மணி நேரத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சில நாய்கள் அந்த சிக்கனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கதவை விறாண்டும், மூச்சு வாங்கும், தரையில் எச்சில் குளம் கட்டும், நன்றாகப் பழகிய நாய்கூட அங்கேயே சிறுநீர் போய்விடும். இது பயம். இன்னொரு வகை, சிக்கனைத் தின்றுவிட்டுச் சோபாவில் ஏறித் தூங்கும். பதினோரு மணிக்கு எழுந்து, டெலிவரி பையனைப் பார்த்துக் குரைத்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் தலையணையைப் பிய்க்கும். இது போரடிப்பது. மூன்றாவது வகை நாள் முழுக்கத் தூங்கும். ஊளையிட்டது மாடி வீட்டு நாயாக இருக்கும்!

பயப்படுகிற நாய் பெரும்பாலும் தேடுவது இன்னொரு நாயை அல்ல, உங்களை. அதிலும் வீட்டில் குறிப்பிட்ட ஒருவரை. பாட்டி உள்ளறையில் படுத்திருந்தாலும் கதவை விறாண்டுகிறது என்றால் இதில் சந்தேகமே வேண்டாம். இப்படிப்பட்ட நாய்க்குத் துணையாக இன்னொன்றைக் கொண்டுவந்தால், பல சமயம் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க இது பழையபடி கதவை விறாண்டும். சில வீடுகளில் புதிது பழையதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஊளை இரண்டு குரலாகிவிடும். இதற்கு வைத்தியம் வேறு. ஒரு நிமிஷம் வெளியே போய்த் திரும்புவது, அப்புறம் மூன்று, அப்புறம் ஏழு என்று பிரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். முற்றிய நிலைக்கு மருந்தும் உண்டு. நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே ஃப்ளூஆக்ஸெட்டின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2007-இல் அனுமதி கொடுத்தார்கள். கால்நடை டாக்டர் எழுதித்தர வேண்டிய மருந்து அது. நாமாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை.

போரடிக்கிற நாய்க்குத்தான் துணை பற்றிய பேச்சே. அதற்கும் ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. தெரிந்தவர் வீட்டு நாயை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைத்துவரச் சொல்லுங்கள். உங்கள் நாய் அதனுடன் விளையாடுகிறதா, மூலையில் போய் முறைக்கிறதா, உங்கள் மடியைவிட்டு இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நாய்க்கும் இன்னொரு நாய் பிடிக்கும் என்பது நம் நினைப்பு. மனிதர்களோடு மட்டுமே வளர்ந்த ஷிட்சூ வகைக் குட்டை நாய்களில் சிலதுக்கு மற்ற நாய்கள் என்றாலே வேற்றுக்கிரகவாசிகள்.

குட்டி

குட்டி வாங்குவதில் உள்ள பெரிய கோளாறு, அதற்கே துணை தேவை என்பதுதான். மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கினால், மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். ஊசிகள் எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது, பார்வோ வைரஸ் அந்த அளவுக்கு மோசம். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டியைப் பார்வோவுக்குப் பறிகொடுத்த வீட்டில், ஊசி போடாத அடுத்த குட்டியை உடனே கொண்டுவரவே கூடாது.

ஆக, பத்து மணி நேரம் ஆள் இல்லாத வீட்டில் ஏற்கெனவே தவிக்கும் நாய் ஒன்று, இப்போது மலம் மிதித்து விளையாடும் குட்டி ஒன்று. பழையது எட்டு, பத்து வயதுக் கிழமாக இருந்தால் இன்னும் கஷ்டம். குட்டியின் பல் ஊசி மாதிரி இருக்கும். மூட்டு வலியோடு படுத்திருக்கும் லேப்ரடாரின் காதைப் பிடித்து அது நாள் முழுக்கத் தொங்கும். பெரிசு உறுமினால் நாம் பெரிசைத் திட்டுவோம். அந்த உறுமல்தான் குட்டிக்கு அது சொல்லிக்கொடுக்கும் பாடம், அதை அடக்கிவிட்டால் அடுத்து வருவது கடி.

குட்டிக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று முதல் பதினான்கு வாரம் வரை அதன் மனம் எதையும் ஏற்றுக்கொள்ளும் பருவம். உங்கள் வீட்டு நாயை, பாட்டியை, மிக்ஸி சத்தத்தை எல்லாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் பகலில் ஆள் இருந்து, பழைய நாய் ரெண்டு முதல் ஐந்து வயதுக்குள் துறுதுறுவென்று இருந்தால், குட்டி நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் பகலில் ஆள் இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வியே எழுவது குறைவு.

“ஒரே ஈற்றில் ரெண்டா வாங்கிட்டா ஒண்ணுக்கொண்ணு துணை” என்று விற்பவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு இரண்டு விற்கும், அவ்வளவுதான்.

வளர்ந்த நாய்

இதன் பெரிய பலம், கையில் வருவது என்ன என்று தெரிந்து எடுப்பது. குட்டி எப்படி வளரும் என்பது ஊகம். மூன்று வயது நாய் மற்ற நாய்களோடு எப்படி, தனியாக இருந்தால் எப்படி, குழந்தையைப் பார்த்தால் எப்படி என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடமே கேட்கலாம். சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாட்டு நாய்கள் எப்போதும் காத்துக் கிடக்கின்றன. தேடி வருபவர்கள் கேட்பதோ குட்டியை. கருத்தடை, ஊசி முடிந்ததாகவும் கிடைக்கும். அதைவிட முக்கியம், முதலில் ஃபாஸ்டராகச் சில வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஆண் நாய் இருந்தால் பெண், பெண் இருந்தால் ஆண். இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருக்க வேண்டும். ஆணுக்கு ஆபரேஷன் முடிந்த பின்னும் சில வாரங்கள் குட்டி உண்டாக்கும் சக்தி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள் சண்டை பிடித்தால் அது லேசில் தீராது, பெரும்பாலும் இரண்டும் முழுதாக வளர்ந்தபின்தான் ஆரம்பிக்கும். ஒன்றரை வருஷம் ஒன்றாகத் தூங்கியவை ஒரு நாள் திடீரென்று தையல் போடும் அளவுக்குக் கடித்துக்கொள்வது இப்படித்தான்.

அறிமுகம் செய்யும் விதத்தில்தான் பாதி வெற்றி. புது நாயை நேரே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு, பால் வண்டி போன பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தெருவுக்குப் போங்கள். உங்கள் தெரு வேண்டாம், அங்கே உங்கள் நாய்தான் ராஜா. இரண்டு பேர், இரண்டு கயிறு. தெருவின் அந்த ஓரத்தில் ஒன்று, இந்த ஓரத்தில் ஒன்று, ஒரே திசையில் நட. நேருக்கு நேர் நிறுத்தவே கூடாது. முதல் பத்து நிமிஷம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி நடிக்கும். ஒன்று விளக்குக் கம்பத்தில் காலைத் தூக்கும். பின்னால் வரும் மற்றது அங்கே நின்று நிதானமாக மோந்து பார்க்கும். ஜாதகம் பார்ப்பது மாதிரிதான். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். நம் கை இறுகினால் கயிறு வழியே அது நாய்க்கும் போய்விடும். வளைந்து வந்து பின்பக்கம் மோந்தால் நல்லது. முன்கால்களைத் தரையில் படிய வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால், விளையாட வா என்கிறது. உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் நிலைகுத்தினால் பேசாமல் திரும்பி நடங்கள். நாளைக்கும் விடியும்.

வீட்டுக்குள் வரும்போது சாப்பாட்டுத் தட்டு, எலும்பு, பழைய பந்து எதுவும் தரையில் இருக்கக் கூடாது. சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. முதல் சில வாரங்கள் ஆள் இல்லாதபோது இரண்டையும் ஒரே அறையில் விடாதீர்கள். நாட்டு நாயிடம் உண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் காட்டி, மருந்து போட்டு, இரண்டு வாரம் தனியாக வைத்துவிட்டுச் சேர்ப்பது உத்தமம். ஒன்றுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் அடுத்ததுக்கும் சேர்த்துத்தான் ரத்தப் பரிசோதனை.

பூனை

இதை மலிவான சமரசமாகப் பலர் நினைக்கிறார்கள். நடக்கப்போவது என்ன? பூனை பகலில் பாதிக்கு மேல் தூங்கும், அதுவும் பரண் மேல். நாய் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். அதிலேயே ஓரளவுக்கு அதற்குப் பொழுது போகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பூனையின் நிம்மதியை யார் கேட்பது? நாயால் எட்ட முடியாத உயரம், சாப்பாடு, மலம் கழிக்க மண் தட்டு மூன்றும் அதற்கு வேண்டும். மண் தட்டு எட்டும் இடத்தில் இருந்தால் நாய் அதைக் காலி செய்துவிடும். இதற்கு மேல் விளக்க வேண்டாம். பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி வகை நாய் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஓடுவதைத் துரத்திப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. பூனை ஓடும் என்பது நிச்சயம். குட்டியிலிருந்தே பூனையோடு வளர்ந்த சாது நாய்க்கு மட்டும் இது சரி.

ஆள்

மத்தியானம் ஒரு மணிக்கு ஒருவர் வந்து, நாயை அரை மணி நேரம் கீழே அழைத்துப்போய், தண்ணீர் மாற்றி, கொஞ்சம் கொஞ்சிவிட்டுப் போகிறார். அந்தப் பத்து மணி நேரம் நாலரையும் ஐந்துமாக இரண்டாக உடைந்துவிட்டது. வளர்ந்த நாய்க்கு அது தாங்கக்கூடிய நேரம்தான். இதற்குப் பெரிய நிறுவனமெல்லாம் வேண்டாம். அதே குடியிருப்பில் ரிட்டயர் ஆனவர், நாய் வளர்க்க ஆசை இருந்தும் வீட்டில் விடாத கல்லூரிப் பையன், வாசல் இஸ்திரிக்காரரின் மகள் என்று கண்ணுக்கு எதிரேயே ஆள் இருக்கும். மாதச் சம்பளம் பேசி, சாவியை நம்பிக் கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவராக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மேயில் ஒரு மணிக்குத் தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும், அப்போது பார்க்கிங் நிழலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூடவே, காலை நடையில் அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுவது, பழைய துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டிப் போட்டுவிட்டுக் கிளம்புவது. துணியை விழுங்கும் நாய்க்கு மட்டும் இது வேண்டாம். இதையெல்லாம் ஒரு மாதம் செய்து பார்த்தும் அதே வீடியோதான் வருகிறது என்றால், அப்போது தத்தெடுக்கப் போகலாம். ஒரு ஆளை அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். நாயை பன்னிரண்டு பதினைந்து வருஷத்துக்கு நிறுத்த முடியாது. தினமும் டே கேரில் விடுவதும் இருக்கிறது. சத்தம் தாங்காத நாய்க்கு அது தண்டனை, மற்றபடி பரவாயில்லை.

இணை இறந்துபோன நாயின் கதை தனி. இத்தாலியில் 426 நாய் வளர்ப்பாளர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், கூட இருந்த நாய் இறந்தபின் மற்றதின் நடத்தை மாறியதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறைவது, சாப்பாடு குறைவது, மனிதரைச் சுற்றிச் சுற்றி வருவது. இங்கே துணை வேண்டும் என்பது நியாயமான எண்ணம்தான், அடுத்த வாரமே வேண்டாம். அது பழையபடி சாப்பிட ஆரம்பிக்கட்டும். வீட்டில் அழுதவர்களும் கொஞ்சம் தேறட்டும்.

நாய் அல்லாத பிராணிகளுக்கு இந்த அலசல் அப்படியே பொருந்தாது. கினி பிக் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜோடிதான். சுவிட்சர்லாந்தில் அதை ஒற்றையாக வளர்ப்பதை 2008-ஆம் ஆண்டு விதிகளே தடுக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று தரும் பட்ஜிகளும் கூட்டத்துக்குப் பிறந்தவை. முயல் ஆணும் பெண்ணுமாக வைத்தால் ஒரு மாதத்தில் குட்டி, ஈன்ற கையோடு அடுத்த சினை. ஃபைட்டர் மீனும் சிரியன் வெள்ளெலியும் நேர் எதிர்; துணை கொடுத்தால் சண்டையில் ஒன்று செத்தே போகலாம்.

கடைசியாகக் காகித வேலை. செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்பது விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். சங்கத்தைச் சமாளித்துவிடலாம், வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனர் ஒரு நாய்க்குத்தானே சம்மதித்தார், அவரிடம் முதலில் பேசுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இரண்டாவது நாய்க்கும் தனி உரிமம் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாய்களை விட்டுச்செல்லும் போர்டிங்கில் இரண்டு தலைக்குக் கட்டணம் எவ்வளவு, இடம் கிடைக்குமா என்று இப்போதே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.