இன்பாக்ஸ் காலியாகத்தான் இருக்க வேண்டுமா?

மே பிறந்தால் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சின்ன விடுதிகளுக்கு மின்னஞ்சல் வந்து குவியத் தொடங்கிவிடும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறோம், விடியற்காலையிலேயே அறை கிடைக்குமா? புறாத்தீவுக்குப் படகு பேசித் தருவீர்களா? இவற்றுக்கெல்லாம் பதில் போட்ட பிறகும், இன்பாக்ஸைத் துடைத்து வைத்தால்தான் நித்திரை வரும் என்று விழித்திருப்பவர்கள் இங்கே உண்டு. அந்தப் பாரம் தேவையில்லை என்பேன்.

தினமும் காலி செய்யும் முறைக்கு 'இன்பாக்ஸ் ஜீரோ' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் மெர்லின் மான். 2007இல் கூகுளில் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு அது பரவியது. எண்ணிக்கை அவருக்குப் பெரிதல்ல, மனம் இன்பாக்ஸிலேயே கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம். நம்மவர்கள் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது ஃபோல்டர். முற்பணம், படகு, ரத்து என்று பிரித்து வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் ஒரே மடலில் ஒருவர் முற்பணம் அனுப்பிய விவரமும் எழுதி, படகும் கேட்டு, ஒரு இரவை ரத்தும் செய்தால் அதை எதில் போடுவது? ஐபிஎம் ஆய்வாளர்கள் 2011இல் 345 பேரின் பழக்கத்தைக் கவனித்தார்கள். பழைய மடலை ஃபோல்டரில் தேடி எடுக்கச் சராசரியாக 58 விநாடி, தேடல் பெட்டியில் 17 விநாடி. பிரித்து வைத்ததால் தேடிய மடல் கூடுதலாகக் கிடைத்துவிடவும் இல்லை.

எனவே என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: வந்தது வந்தபடி கிடக்கட்டும். பதில் போட வேண்டியதற்கு மட்டும் நட்சத்திரக் குறி. மற்றதற்கு விருந்தினர் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டினால் முழு உரையாடலும் வந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் மின்னஞ்சல் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. விடுதிக்கு மூன்று தடவை போதுமா என்றால், பெரும்பாலும் போதும். இன்றைக்கே வந்து இறங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து வைத்தால் சரி.

ஒரே முகவரியை இரண்டு மூன்று பேர் பார்க்கும் இடத்தில் மட்டும் காலி செய்வதே நல்லது. யார் பதில் போட்டார்கள் என்ற குழப்பம் வராது. அப்புறம், ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் கூகுளில் சேமித்து வைக்கும் போட்டோக்களுக்கும் பங்கு உண்டு. அது நிரம்பினால் புது மடல் வராது. சீசன் தொடங்குமுன் பெரிய இணைப்புள்ள பழைய மடல்களைத் தேடி அழித்துவிடுங்கள்.